ஒரே ஊசி, மீண்டும் நடை? தண்டுவடக் காயத்துக்கு 'ஹைட்ரோஜெல்' கைகொடுக்குமா?

பைக் விபத்து, மாடியிலிருந்து தவறி விழுவது... ஒரு நொடியில் தண்டுவடம் நசுங்கினால் இடுப்புக்குக் கீழே அசைவே போய்விடலாம். உலகம் முழுக்க 1.5 கோடிக்கும் அதிகமானோர் தண்டுவடப் பாதிப்புடன் வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களுக்கு நம்பிக்கை தரும் ஆய்வுகளில் ஒன்று ஹைட்ரோஜெல்.

தானாக ஏன் ஆறுவதில்லை?

கையில் வெட்டுப்பட்டால் தோல் சேர்ந்துவிடும். தண்டுவடம் அப்படியில்லை. அடிபட்ட இடத்தில் செல்கள் இறந்து, திரவம் நிறைந்த குழி உருவாகும். சுற்றிலும் தழும்பு படியும். நரம்பிழை வளர முயன்றாலும் பிடித்துக்கொண்டு போக வழி இருக்காது.

ஜெல் என்ன செய்யும்?

ஹைட்ரோஜெல் என்பது தண்ணீரைத் தேக்கிவைக்கும் மென்மையான வலைப்பின்னல். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸும் இந்த வகைதான். சில ஜெல்களைத் திரவமாக ஊசியில் செலுத்தலாம். உள்ளே போனதும் இறுகி, குழியை நிரப்பி, நரம்பிழைக்குப் பாலமாக நிற்கும். 'வளரு' என்று செல்களுக்குச் சொல்லும் மூலக்கூறுகளையும் அதில் சேர்க்கலாம்.

எலிகளிடம் என்ன நடந்தது?

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் குழு செய்த ஆய்வு, 2021 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. காயம்பட்ட மறுநாள் சுண்டெலிகளுக்கு ஒரே ஒரு ஊசி. 4 வாரங்களில் அவை மீண்டும் நடந்தன. நரம்பிழைகள் வளர்ந்தன, தழும்பு குறைந்தது, புது ரத்தக் குழாய்கள் உருவாகின. மூலக்கூறுகள் அதிகம் அசையும்படி வடிவமைத்ததுதான் ரகசியம். செல்லின் ஏற்பிகளும் அசைந்துகொண்டே இருப்பதால், இரண்டும் எளிதாகச் சந்தித்தன.

அப்போ, நாளைக்கே மருந்து வருமா?

அவசரப்பட வேண்டாம். இதே 'பாலம்' யோசனையில், ஜெல்லுக்குப் பதில் கரையும் பாலிமரால் ஆன சிறிய தாங்கியை இன்விவோ தெரபியூட்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. 2014-ல் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். ஆனால், 2023-ல் வந்த மருத்துவச் சோதனை முடிவில் அது முதன்மை இலக்கை எட்டவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். எலிக்கு நரம்பிழை சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். மனிதருக்குப் பல சென்டிமீட்டர் தேவைப்படலாம். எலிகளுக்கு ஒரே மாதிரி, அளந்து காயம் ஏற்படுத்துகிறார்கள்; விபத்துக் காயம் ஆளுக்கு ஆள் மாறும். முக்கியமாக, ஸ்டப் குழுவின் ஊசி மறுநாளே போடப்பட்டது. பல வருடங்களாக சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தழும்பு எப்போதோ இறுகியிருக்கும். அவருக்கும் இது பலிக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

எனவே, 'நரம்பு வளர்க்கும் ஊசி' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: சோதித்தது எலியிலா, மனிதரிலா? காயம்பட்டு எத்தனை நாளில் போட்டார்கள்? பதில் தெரியாமல் பணம் கட்ட வேண்டாம்.