ஆறு மாசம் கழிச்சு வாங்க!

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

டாக்டர் சொல்வது இரண்டே வாக்கியம். முதல் வாக்கியம் மட்டும் காதில் விழுந்தவர் ரிப்போர்ட்டை பீரோவில் புடவைக்கு அடியில் செருகிவிட்டு மறந்துவிடுகிறார். இரண்டாவது மட்டும் விழுந்தவர் ஆறு மாதமும் தூங்குவதில்லை. 'ஒண்ணுமில்லைன்னா எதுக்கு மறுபடி வரச் சொல்லணும்? எதையோ மறைக்கிறாங்க' என்று அவருக்குத் தோன்றுகிறது. இரண்டு பேருமே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் தப்பு அவர்கள் மேல் இல்லை. அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய விளக்கத்தை யாருமே சொல்லவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. மனைவிக்கு 42 வயது. குளிக்கும்போது மார்பில் சின்னதாய் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. அவருடைய அம்மாவுக்கு 50 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அன்று இரவு அந்தப் பெண்ணின் மனதில் என்ன ஓடும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணவர் நைட் ஷிப்டில் இருக்கிறார், பையனுக்குப் பரீட்சை. யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் போகும், சில வீடுகளில் பத்து மாதமே போய்விடும்.

ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டாக்டர் கையால் தடவிப் பார்க்கிறார், மேமோகிராம் எடுக்கிறார்கள், அல்ட்ராசவுண்டும் எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'பைராட்ஸ் 3' என்று இருக்கிறது. மூன்றா? மூன்றாவது ஸ்டேஜா? அங்கேயே பாதி உயிர் போய்விடுகிறது.

இல்லை. அது ஸ்டேஜ் அல்ல.

அந்த எண் என்ன சொல்கிறது?

பைராட்ஸ் என்பது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 1993-இல் கொண்டுவந்த ஒரு பொது மொழி. ஒரு டாக்டர் எழுதுவதை இன்னொரு டாக்டர் குழப்பமில்லாமல் புரிந்துகொள்வதற்காக உருவானது. 0 முதல் 6 வரை எண்கள் உண்டு.

0 என்றால் 'படம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும், அல்லது பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும்' என்று அர்த்தம். 1 என்றால் எதுவும் இல்லை. 2 என்றால் இருப்பது தீங்கற்றது. 3 என்றால் 'அநேகமாகத் தீங்கற்றது'. அதாவது புற்றுநோயாக இருக்க வாய்ப்பு 2 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. 4 என்றால் சந்தேகம், ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த 4-க்குள்ளேயே 2 சதவீதத்திலிருந்து 95 சதவீதம் வரை பெரிய இடைவெளி இருப்பதால் அதை 4ஏ, 4பி, 4சி என்று பிரித்திருக்கிறார்கள். 5 என்றால் 95 சதவீதத்துக்கு மேல். 6 என்றால் திசுப் பரிசோதனையில் ஏற்கெனவே உறுதியானது.

ஆக, 'கூடுதல் படம் எடுக்க வாருங்கள்' என்று உடனே கூப்பிடுவதும் (0), 'ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்பதும் (3) ஒன்றல்ல. முதலாவதில் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. இரண்டாவதில் பதில் கிடைத்துவிட்டது, அதைக் காலத்தை வைத்து உறுதி செய்யப் போகிறார்கள். வழக்கமான மேமோகிராமுக்குப் பிறகு கூடுதல் படத்துக்கு அழைக்கப்படுகிறவர்களிலும் பத்தில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் இருப்பதில்லை என்பது அமெரிக்க அனுபவம்.

ஏன் ஆறு மாதம்? இப்போதே வெட்டி எடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. நெய்வேலிக்காரர்களுக்கு இதற்கான பதில் புதிதல்ல. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ராப்பகலாக பம்ப் செய்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். அந்த நீர் விஷயத்தில் ஒரே ஒரு நாள் அளவைப் பார்த்து முடிவுக்கு வர முடியுமா? போன அளவு என்ன, இப்போது என்ன, ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒற்றை எண்ணைவிட மாற்றம்தான் அதிகம் பேசும்.

மார்பில் உள்ள கட்டியும் அப்படித்தான். இளம்பெண்களுக்கு அதிகம் வரும் ஃபைப்ரோஅடினோமா கட்டியோ, 35-லிருந்து 50 வயது வரை அதிகம் வரும் நீர்க்கட்டியோ பெரும்பாலும் பல மாதங்களுக்கு அப்படியே இருக்கும், அல்லது மெல்ல மாறும். புற்றுநோய் அப்படி சும்மா இருக்காது. ஆறு மாதம் என்பது மாற்றம் கண்ணுக்குத் தெரியப் போதுமான காலம், வந்திருப்பது நோயாகவே இருந்தாலும் பெரும்பாலும் கை மீறிப் போகாத காலம். அதனால்தான் 6, 12, 24 மாதங்களில் படம் எடுத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டு வருடம் மாறாமல் இருந்தால் 3 என்பது 2 ஆகிவிடும். நடுவில் வளர்ந்தால், உதாரணமாக ஆறு மாதத்தில் குறுக்களவு 20 சதவீதத்துக்கு மேல் கூடினால், ஊசிப் பரிசோதனைக்குப் போவார்கள்.

இது யாரோ உத்தேசமாகச் சொன்னதல்ல. 1991-இல் எட்வர்ட் சிக்கிள்ஸ் என்ற அமெரிக்க ரேடியாலஜிஸ்ட், இப்படி 'அநேகமாகத் தீங்கற்றது' என்று சொல்லப்பட்ட 3,184 கேஸ்களைத் தொடர்ந்து கவனித்து முடிவை வெளியிட்டார். அதில் புற்றுநோயாக மாறியது 17. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த 17-இலும் 15, கைக்குத் தட்டுப்படும் முன்பே படத்தில் தெரிந்த மாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டன. எல்லாவற்றையும் முதல் நாளே வெட்டியிருந்தால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தேவையில்லாமல் கத்தியின் கீழ் போயிருப்பார்கள்.

ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தக் கணக்கு முழுமையாகப் படம் எடுத்துப் பார்த்த கட்டிகளுக்கு மட்டும்தான் பொருந்தும். மேமோகிராம் 'நார்மல்' என்று வந்துவிட்டது, கையில் கட்டி தட்டுப்படுகிறது என்றால் அதை விட்டுவிடக் கூடாது. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மேமோகிராமில் அந்தத் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பனிமூட்டத்தில் வெள்ளைப் பசுவைத் தேடுவது போல! அதனால்தான் 30 வயதுக்குக் கீழே முதலில் அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள். அது நீர்க்கட்டியா, கெட்டியான கட்டியா என்பதையும் பிரித்துச் சொல்லிவிடும். கை, படம், தேவைப்பட்டால் ஊசி. இந்த மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நிம்மதி.

அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் வருமா?

பல பெண்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. 2013-இல் ஏஞ்சலினா ஜோலி நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பயம் உலகம் முழுக்கப் பரவியது. அவருக்கு பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் பிழை இருந்தது பரிசோதனையில் உறுதியானது. அதனால் நோய் வரும் முன்பே இரண்டு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டார். அந்தப் பிழை உள்ளவர்களில் 80 வயதுக்குள் சுமார் 70 சதவீதம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரலாம். அவர் முடிவில் அர்த்தம் இருந்தது.

ஆனால் மொத்த மார்பகப் புற்றுநோயில் இப்படிப் பரம்பரையாக வரும் மரபணுப் பிழையால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இருந்தால் மற்றவர்களைவிட ஆபத்து சுமார் இரண்டு மடங்கு ஆகிறது. அதற்கு 'நிச்சயம் வரும்' என்று அர்த்தமில்லை. மறுபக்கத்தையும் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் 9 பேரில் 8 பேருக்கு அம்மா, சகோதரி, மகள் யாருக்குமே அந்த நோய் இருந்ததில்லை என்று 2001-இல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு சொன்னது. 'எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல' என்று நிம்மதியாக இருப்பதும் தப்புதான்.

குடும்ப வரலாறு பயப்படுவதற்கு இல்லை, தேதி குறிப்பதற்கு. அம்மாவுக்கு 50-இல் வந்திருந்தால், பத்து வருடம் முன்னதாக, அதாவது மகளுக்கு 40 ஆகும்போதே படம் எடுக்கத் தொடங்கலாம் என்பது பொதுவான வழிமுறை. மரபணுப் பிழை உறுதியானவர்களுக்கு 25 வயதிலிருந்தே எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கிறார்கள். இன்னொன்று, அப்பா வழியும் கணக்கில் சேரும். அத்தைக்கு இருந்ததை 'அது அந்தப் பக்கம்' என்று ஒதுக்கக் கூடாது. நெருங்கிய உறவில் பலருக்கு, அதுவும் சின்ன வயதிலேயே வந்திருந்தால், ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தாலும் காத்திருக்காமல் ஊசிப் பரிசோதனை செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லலாம். அதைச் சொல்ல வேண்டுமானால் அவருக்கு அந்த வரலாறு தெரிய வேண்டுமே?

இங்கேதான் பெரிய சிக்கல். பாட்டி எதனால் இறந்தார் என்று கேட்டால் 'வயசாயிடுச்சு', 'நெஞ்சுல புண்ணு' என்று மழுப்பும் வீடுகள் எத்தனை! கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் 'கேன்சர்' என்ற வார்த்தையையே உச்சரிக்க மாட்டார்கள். வரன் தட்டிப்போகும் என்று பாட்டியின் நோயை மறைத்து, பேத்தியின் பாதுகாப்பைக் காவு கொடுக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அதை அவர் மறைக்கவில்லை. அந்தத் துக்கத்திலிருந்துதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது.

காத்திருப்பது யார் பொறுப்பு?

'ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்பது நல்ல மருத்துவம்தான். ஆனால் அது பாதி மருத்துவம். அந்தப் பெண் திரும்பி வந்தால்தான் மீதி.

திரும்பி வராமல் போக ஆயிரம் காரணம் உண்டு. கணவர் ரிட்டயர்ட் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார்கள், சாமான் மூட்டையில் பழைய ஃபிலிம் எங்கோ போய்விடுகிறது. புது ஊரில் புது டாக்டர் எடுக்கும் படத்தை எதோடு ஒப்பிடுவார்? காண்ட்ராக்ட் தொழிலாளியின் மனைவிக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போகும். புதுச்சேரி ஜிப்மருக்கோ, சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி அடையாறுக்கோ போக வேண்டும் என்றால் துணைக்கு ஆள் வேண்டும். இதையெல்லாம் யோசிக்காமல் வாய்வார்த்தையாக 'ஆறு மாசம்' என்று சொல்லி அனுப்புவது, பம்ப்பை ஓடவிட்டு அளவு பார்க்க ஆள் வைக்காதது போலத்தான்.

செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையில்லை. தமிழில் அரைப் பக்கத் துண்டுச்சீட்டு: கட்டி எங்கே, எத்தனை மில்லிமீட்டர், இப்போது என்ன நினைக்கிறோம், எந்தத் தேதியில் வர வேண்டும், எந்த மாற்றம் தெரிந்தால் அதற்கு முன்பே வர வேண்டும். படத்தின் பிரதி நோயாளியின் கையில். தேதி நெருங்கும்போது ஒரு போன் அல்லது எஸ்.எம்.எஸ். திரும்பி வரவே வாய்ப்பில்லை என்று தெரிந்தால், காத்திருக்கச் சொல்லாமல் அன்றே ஊசிப் பரிசோதனை. இந்த நான்கும் இல்லாமல் பெண்களின் 'அலட்சியத்தை'க் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

'ஊசி குத்தினால் கட்டி கிளறி விட்டுப் பரவிடும்' என்ற பேச்சும் ஒழிய வேண்டும். ஆபரேஷனுக்கு முன் ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பதுதான் இன்று உலகம் முழுக்க வழக்கம். மேமோகிராமின் கதிர்வீச்சுக்குப் பயப்படுபவர்களுக்கு: ஒரு முறை எடுத்தால் கிடைப்பது, சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே சுமார் ஏழு வாரத்தில் இயற்கையாகக் கிடைக்கும் அளவுதான். அல்ட்ராசவுண்டில் அதுவும் கிடையாது.

மெஷினே இல்லாத ஊரில் என்ன செய்வது? அதற்கும் பதில் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் தொடர்ந்தது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். 2021-இல் முடிவு வந்தது: 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. மெஷினைவிட, திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் பெரிது.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு இதெல்லாம் அம்மா வயதுக்காரர்களின் கவலை என்று தோன்றலாம். ஆனால் வீட்டில் ஆங்கில ரிப்போர்ட்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் கேளுங்கள்: பாட்டி எதனால் இறந்தார், அத்தைக்கு எந்த வயதில் ஆபரேஷன் நடந்தது, பீரோவில் புடவைக்கு அடியில் ஏதாவது கவர் இருக்கிறதா என்று. இருந்தால் அதன் மேல் உள்ள தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் எப்போதோ முடிந்திருக்கலாம்.