மஞ்சளா, மருந்தா?

போன வாரம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அம்மாவுக்கு எழுபது வயசு தாண்டியாச்சு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தினம் மாத்திரை போடுகிறவர். ஒரு புது டப்பாவை எடுத்துக் காட்டினார். ‘நானோ மஞ்சள்.’ அறுபது மாத்திரை, 1,450 ரூபாய்.

‘‘மஞ்சள்தானே தம்பி, ஒண்ணும் பண்ணாது. ஆனா, இது உடம்புல பல மடங்கு சேருமாம்!’’

என் சண்டை அம்மாவோடு இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே டப்பாவில் அச்சடித்து விற்கிறவர்களோடு.

நான் படித்தது பி.காம். எவ்வளவு வந்தது, எவ்வளவு கையில் நின்றது என்று பார்க்கிற புத்தி. அந்தக் கணக்கில் மஞ்சள் படு நஷ்டம். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவிகிதம்தான். அதுவும் தண்ணீரில் கரையாது. உள்ளே போன கொஞ்சத்தையும் குடலும் கல்லீரலும் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். 2001-ல் வெளியான தைவான் ஆய்வில் தினம் 8 கிராம் சுத்த குர்குமின் கொடுத்தும் ரத்தத்தில் சேர்ந்தது சொற்பம்.

இதற்கு விஞ்ஞானிகள் பிடித்த வழிதான் பாலிமர் நானோ துகள். தலைமுடித் தடிமனில் சுமாராக ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள பாலிமர் பொட்டலத்துக்குள் மருந்தை வைத்து அனுப்புவது. இதற்கு அதிகம் பயன்படுகிற பாலிமர் ஒன்று, ஆபரேஷனில் தானே கரைகிற தையல் நூலுக்குச் சொந்தக்காரன். 2007-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அனிர்பன் மைத்ராவின் குழு குர்குமினை இப்படிப் பாலிமர் துகளுக்குள் அடைத்து, ஆய்வகத்தில் வளர்த்த கணையப் புற்றுநோய் செல்களில் சோதித்தது. அருமையான வேலை. அதைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் ஐயா, பல மடங்கு சேரும் என்றால் அது பல மடங்கு டோஸ். பாட்டி ரசத்தில் போட்ட சிட்டிகை அல்ல. 500 மில்லிகிராம் குர்குமின் மாத்திரை ஒன்றே கிட்டத்தட்ட 16 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். அதையும் நன்றாகச் சேர வைத்துவிட்டு, ‘பக்கவிளைவு அறவே இல்லை’ என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்?

அந்த டப்பாவில் மிளகுச் சத்தும் இருந்தது. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் சேருவது 2000 சதவிகிதம் கூடியது. கல்லீரலின் வாயிற்காவலனை மிளகு தூங்க வைக்கிறது. அவன் தூங்கினால் மஞ்சள் மட்டுமா நுழையும்? வலிப்புக்கான ஃபெனிடாயின், பிரஷருக்கான ப்ராப்ரனலால் இவற்றின் அளவும் ரத்தத்தில் ஏறுவதாக ஆய்வுகள் இருக்கின்றன.

2019-ல் இத்தாலியில், மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. கலப்படமா என்று சோதித்தார்கள். இல்லை. மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது என்று லேபிளில் போடச் சொன்னது அந்த அரசு.

நம் ஊரில்? 2019-ல் வந்த விதிப்படி, ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தாகவே இருந்தாலும், அதை உடம்புக்குள் கொண்டுபோகிற முறையைப் புதிதாக்கினால் ‘புதிய மருந்து’. மறுபடி நிரூபிக்க வேண்டும். சத்து மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டால், அது உணவு. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகப் படியே ஏற வேண்டாம்!

டப்பாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். துகளின் அளவு என்ன? பாலிமர் எது? மனிதர்களின் ரத்தத்தில் அளந்தீர்களா? ஒன்றும் இல்லை. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று சட்டம் போடச் சொல்கிற வரி மட்டும், எறும்பு படிக்கிற சைஸில் இருந்தது.

‘‘டாக்டர்கிட்ட சொன்னீங்களாம்மா?’’

‘‘போப்பா, மஞ்சளைப் போயா டாக்டர்கிட்ட சொல்லுவாங்க!’’