ஆலைக்குப் பணம், கடைக்குப் பூட்டு

அமெரிக்க வங்கி மீட்பு நிதியைக் கண்காணித்த சிறப்புத் தலைமை ஆய்வாளர் நீல் பரோஃப்ஸ்கியின் அறிக்கை 2010 ஜூலை 19 அன்று வெளிவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் நிறுவனங்களின் டீலர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உரிமம் 2009ஆம் ஆண்டில் ஏன் பறிக்கப்பட்டது என்று அது ஆராய்கிறது. நிதித்துறையின் கார்த்தொழில் குழு அவசரப்படுத்தியதால்தான் இவ்வளவு பேருக்கு இவ்வளவு வேகத்தில் கதவடைப்பு நடந்தது என்கிறது அறிக்கை. அந்த அவசரத்துக்கு என்ன ஆதாரம் என்று தேடினால், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லையாம். செனட் குழுவின் முன்பும் திவால் நீதிமன்றத்திலும் அந்த டீலர்கள் ஓராண்டாகத் தொண்டை வற்றச் சொன்னது இதைத்தான். அப்போது கேட்க ஆளில்லை.

நொடித்துப்போன இரு நிறுவனங்களுக்கும் அரசு கைகொடுத்ததில் நமக்குக் குறை இல்லை. 2008 டிசம்பரில் புஷ் 1,740 கோடி டாலர் கடன் அறிவித்தார். பின்னால் வந்த ஒபாமா அரசு அதை நீட்டிக்க, ஜெனரல் மோட்டார்ஸுக்கு மட்டும் போனது ஏறத்தாழ 4,950 கோடி டாலர். வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. டெட்ராய்ட் படுத்தால் அதோடு படுப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பிவந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ் சென்னையில்தான் இருக்கிறது. அந்த விவாதம் முடிந்துவிட்டது. இப்போது கேள்வி, பணத்தோடு சேர்த்துக் கட்டிவிட்ட நிபந்தனையைப் பற்றியது.

டீலர்களின் எண்ணிக்கையைச் சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைப்பதாகத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் தன் முதல் திட்டத்தில் சொல்லியிருந்தது. விற்பவர் விற்கட்டும், வயதானவர் ஓய்வு பெறட்டும், அருகருகே இருப்பவர்கள் ஒன்று சேரட்டும் என்பதே வழக்கமான முறை. மீட்பு நிதியைத் தொடாத ஃபோர்டு அப்படித்தான் குறைத்துவந்தது. 2009 மார்ச் 30 அன்று நிதித்துறையின் குழு அந்தத் திட்டத்தை நிராகரித்தது. வேகம் போதாது என்றது. ஏழு வாரத்துக்குள் கூரியரில் கடிதங்கள் பறந்தன. மே 14 அன்று கிரைஸ்லரின் டீலர்கள் 789 பேருக்கு. மறுநாள் ஜெனரல் மோட்டார்ஸின் சுமார் 1,100 பேருக்கு. கிரைஸ்லர் டீலர்களுக்குக் கிடைத்த அவகாசம் 26 நாள். ஜூன் 9 அன்று கடை முடிந்தது.

டீலர் என்பவர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர் இல்லை. கட்டடமும் அதன் கடனும் அவருடையவை. கார் ஆலையை விட்டுக் கிளம்பும்போதே அது விற்ற கணக்கில் போய்விடுகிறது. டீலர் வங்கியில் வாங்கிய ஸ்டாக் கடனிலிருந்து ஆலைக்குப் பணம் போய்ச் சேர்கிறது. கார் ஷோரூமில் எத்தனை நாள் நின்றாலும் அந்த வட்டி அவர் தலையில். மெக்கானிக்கைப் பயிற்சிக்கு அனுப்புகிறவர் அவர். சிறப்புக் கருவிகளையும் உதிரி பாகங்களையும் வாங்கி அடுக்குகிறவரும் அவர். வாசலில் நிற்கும் பெயர்ப் பலகைக்குக்கூடச் செலவு அவருடையதுதான். ஆலையைப் பொறுத்தவரை டீலர்தான் வாடிக்கையாளர், அதுவும் முன்பணம் கட்டும் வாடிக்கையாளர். விற்பனை பாதாளத்தில் கிடந்த ஆண்டில் வாடிக்கையாளரை விரட்டினால் நிறுவனம் பிழைக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தார்களோ!

மிச்சம் எவ்வளவு என்றாவது கணக்குப் போட்டார்களா? போட்டார்கள். ஒரு டீலரை நீக்கினால் 11 லட்சம் டாலர் மிச்சம் என்றது ஜெனரல் மோட்டார்ஸ். 45,500 டாலர் என்றது கிரைஸ்லர். ஒரே நாடு, ஒரே தொழில், ஒரே ஆண்டு. இரண்டு மதிப்பீட்டுக்கும் இடையே 24 மடங்கு வித்தியாசம். நம்மூர் ஆடிட்டர் ஒருவரிடம் இதைக் கொண்டுபோயிருந்தால் ஃபைலை மேசையைத் தாண்டி வீசியிருப்பார். குழு தலையாட்டியது. அதன் தலைமையில் இருந்தவர்களில் கார் விற்று அனுபவப்பட்டவரும் இல்லை, கார் செய்து அனுபவப்பட்டவரும் இல்லை. நிதிச் சந்தையில் கம்பெனிகளை வாங்கி விற்றும் அவற்றுக்கு ஆலோசனை சொல்லியும் பழகியவர்கள்.

டொயோட்டாவைப் பாருங்கள் என்பது அவர்கள் பிடித்துக்கொண்ட வாதம். டொயோட்டாவுக்கு அமெரிக்காவில் அப்போது ஏறத்தாழ 1,200 டீலர்கள். ஜெனரல் மோட்டார்ஸுக்கு 6,000. ஆகவே ஐயாயிரம் பேர் அதிகம் என்பது போல ஒரு கணக்கு. பெருநகரங்களில் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒரே சாலையில் இரண்டு செவ்ரோலே கடைகள் ஒன்றின் விலையை ஒன்று அறுத்துக்கொண்டிருந்தன. ஆனால் டொயோட்டாவின் கடை எட்டாத சிற்றூர்களில் பல தலைமுறையாக வேரூன்றியிருந்ததுதான் அமெரிக்க நிறுவனங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே பலம். பிக்கப் வாங்கும் விவசாயி, அதைச் சர்வீஸுக்கு விட நாற்பது மைல் ஓட்டிப் போகமாட்டார். அடுத்த முறை வேறு பிராண்டுக்கு மாறிவிடுவார். இதைத் தொழில் தெரிந்தவர்கள் எச்சரித்திருந்தும் கிராமப்புறக் கடைகளும் ஏராளமாக மூடப்பட்டன.

கிரைஸ்லர் டீலர்களின் ஸ்டாக்குக்கு நேர்ந்ததுதான் இந்த விவகாரத்திலேயே கொடுமையானது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும், கூடுதலாகக் கார் எடுங்கள் என்று டீலர்களை நிறுவனம் வருத்தி வருத்திக் கேட்டது. வாங்க ஆளில்லாத நேரத்தில், கடன் வாங்கி எடுத்தார்கள். சில மாதங்களில் அதே கையிலிருந்து உரிம ரத்துக் கடிதம். சரி, காரையாவது திருப்பி எடுத்துக்கொள் என்றால், அதற்குப் பணம் இல்லை, வேறு டீலர்களுக்குக் கைமாற்றிவிட உதவுகிறோம் என்று பதில். அடுத்த தெருக்காரர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார் என்பது குழந்தைக்கும் தெரியும். ஜூன் 9க்குப் பிறகு ஒரு மைல்கூட ஓடாத காரையும் அவர் புதிய கார் என்று விற்க முடியாது. உத்தரவாதச் சர்வீஸ் செய்து காசு வாங்க முடியாது. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய கருவிகள் பழைய இரும்பு. ஸ்டாக் கடன் கொடுத்த வங்கி மட்டும் மறக்காமல் போன் செய்யும். சராசரியாகக் கடை ஒன்றுக்கு ஐம்பது பேர் வேலை பார்த்தார்கள். வேலையின்மை ஒன்பது சதவீதத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

இப்படி நடக்காமலிருக்கத்தான் 1956லேயே அங்கே கூட்டாட்சிச் சட்டம் ஒன்று வந்தது. மாநிலங்களும் தனித்தனியே டீலர் பாதுகாப்புச் சட்டம் வைத்திருக்கின்றன. ஓல்ட்ஸ்மொபீல் பிராண்டை மூடுவதாக 2000ஆம் ஆண்டில் அறிவித்த ஜெனரல் மோட்டார்ஸ், அதன் டீலர்களுக்கு இழப்பீடாக நூறு கோடி டாலர் அளவுக்கு எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்தது திவால் நீதிமன்றம். அங்கே மாநிலச் சட்டம் செல்லவில்லை. நீதிபதியின் ஓர் உத்தரவில் 789 ஒப்பந்தங்களும் காற்றில் போயின. ஜெனரல் மோட்டார்ஸ் டீலர்களுக்குக் கொஞ்சம் பணமும் 2010 அக்டோபர் வரை அவகாசமும் கிடைத்தன. விலை, வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்து.

மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால்தான் இதன் அளவு புரியும். தொழிற்சங்கத்தின் மருத்துவ அறக்கட்டளைக்குக் கிரைஸ்லரில் 55 சதவீதம், புதிய ஜெனரல் மோட்டார்ஸில் 17.5 சதவீதம். ஃபியட்டுக்குக் கையிலிருந்து காசு இறக்காமலேயே கிரைஸ்லரில் 20 சதவீதம். உதிரி பாக நிறுவனங்களுக்கு 500 கோடி டாலர் உதவித் திட்டம். கார் வாங்கியவர்களுக்கு, உத்தரவாதம் போகாது என்று அரசே ஜாமீன். தொழிலாளர்கள் ஊதியத்தையும் வேலையையும் இழந்தே அந்தப் பங்கைப் பெற்றார்கள், மறுக்கவில்லை. பந்தியில் இலை போடாமல் எழுப்பி அனுப்பப்பட்டவர் டீலர் ஒருவர்தான்.

யாரை நீக்குவது என்பதிலாவது ஒழுங்கு இருந்ததா? ஜெனரல் மோட்டார்ஸ் தானே வகுத்த அளவுகோலைச் சீராகப் பின்பற்றவில்லை என்கிறது அறிக்கை. நீக்கப்பட வேண்டிய மதிப்பெண் பெற்றவர் சிலர் தப்பியிருக்கிறார்கள். நல்ல மதிப்பெண்காரர் போயிருக்கிறார். 2009 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, நடுவர் முன் முறையிட வழி திறந்தது. உடனே, 2010 மார்ச்சில், 661 டீலர்களைத் திரும்ப அழைக்கத் தயார் என்று ஜெனரல் மோட்டார்ஸ் இறங்கிவந்தது. 2009 மே மாதம் நிறுவனத்தின் உயிருக்கே ஆபத்தாக இருந்தவர்கள் பத்தே மாதத்தில் எப்படி வேண்டியவர்கள் ஆனார்கள்? கிரைஸ்லர் அந்த அளவுக்கும் இறங்கவில்லை. 50 பேருக்குக் கடிதம் கொடுத்தது.

டீலர்களை விட்டுவைத்தால் மீட்புத் திட்டம் கவிழ்ந்திருக்குமா என்று ஆய்வாளர் கேட்டிருக்கிறார். திட்டத்தின் எந்த ஓர் அம்சத்தை விட்டிருந்தாலும் சமாளித்திருக்கலாம், ஆனால் எல்லோரும் தியாகத்தில் பங்கு பெற வேண்டும் என்பது அதிபரின் கட்டளை என்று குழுவின் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆக, சேமிப்புக்காகக்கூட இல்லை. கணக்கில் ஒரு பலி குறைந்தது, அதற்கு ஆள் தேடினார்கள்.

அன்றைய நிதித்துறைக்கு இது புதிதில்லை. 2009 மார்ச்சில் ஏஐஜி காப்பீட்டு நிறுவனம், அரசின் பணத்தில் மூச்சு விட்டுக்கொண்டே, தன் அதிகாரிகளுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. நாடே கொதித்தது. ஒப்பந்தம் போட்டாயிற்று, சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும், ஒப்பந்தத்தை மீறினால் வணிக உலகம் என்ன ஆகும் என்று உபதேசித்தார்கள். இரண்டே மாதத்தில் டீலர்களின் ஒப்பந்தங்கள் வந்தன. அவற்றில் சில தாத்தா காலத்தில் கையெழுத்தானவை. அப்போது வணிக உலகத்தைப் பற்றிய கவலை எங்கே போய்ப் படுத்துக்கொண்டது? அதற்கும் முன்னால், அதே ஏஐஜி பாக்கி வைத்திருந்த பெரிய வங்கிகளுக்கு ஒரு சென்ட் தள்ளுபடி கேட்காமல் முழுத் தொகையும் போனது. அன்று அந்த முடிவின் அருகில் இருந்தவர்கள் பின்னர் இன்னும் பெரிய நாற்காலியில் அமர்ந்தார்கள்.

வீட்டுக் கடனில் தத்தளித்த 30 முதல் 40 லட்சம் குடும்பங்களைக் காப்பாற்றுவோம் என்று 2009ஆம் ஆண்டில் மார்தட்டிய திட்டமும் இவர்களுடையதுதான். நிரந்தரமாகத் தவணை குறைக்கப்பட்டு 2010 ஜூன் முடிவில் அதில் இருந்தவர்கள் நான்கு லட்சத்தைக்கூட எட்டவில்லை. பாதியில் கழற்றிவிடப்பட்டவர்கள் அதைவிட அதிகம். பழைய காரைக் கொடுத்துப் புதிய காருக்கு 4,500 டாலர் வரை சலுகை பெறும் திட்டத்தை வேறு துறை நடத்தியது, லட்சணம் ஒன்றுதான். நூறு கோடி டாலர் ஒரு வாரத்தில் கரைந்தது, அவசரமாக இன்னும் 200 கோடி ஒதுக்கினார்கள். ஓடக்கூடிய இன்ஜின்களில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றிச் சாகடிக்கத் தெரிந்தவர்களுக்கு, தள்ளுபடியைக் கைக்காசாகக் கொடுத்த டீலருக்கு அதை நேரத்தில் திருப்பத் தெரியவில்லை. சில வாரங்களுக்கு முன்பு உரிமம் இழந்த கிரைஸ்லர் டீலர்கள், பல மாதங்களில் முதன்முறையாகக் கூட்டம் வந்த அந்தச் சந்தையைச் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தார்கள்.

2010 ஏப்ரலில் நடந்த கூத்தையும் சொல்லிவிட வேண்டும். அரசுக் கடனை வட்டியோடு, ஐந்தாண்டு முன்கூட்டியே அடைத்துவிட்டோம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. அடைத்தது 4,950 கோடியில் கடன் என்று எழுதப்பட்ட 670 கோடியை மட்டும். அதையும் அரசு கொடுத்துத் தனிக் கணக்கில் போட்டிருந்த பணத்திலிருந்து எடுத்து. நிதித்துறையும் கைதட்டியது. காசு இருந்தது என்பது இதில் தெரிகிறது. டீலரின் முற்றத்தில் நின்ற காரைத் திரும்ப வாங்கத்தான் இல்லை.

அறிக்கையை ஏற்க முடியாது என்றது நிதித்துறை. நிறுவனங்கள் அடியோடு மூழ்கியிருந்தால் அத்தனை டீலர்களும் போயிருப்பார்களே என்று வாதம். யார் மறுத்தார்கள்? கடைகளைக் குறைவாக, நிதானமாக மூடியிருந்தால் நிறுவனம் மூழ்கியிருக்கும் என்று நிதித்துறையிலோ நிறுவனங்களிலோ ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதுதான் ஆய்வாளரின் கண்டுபிடிப்பு. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லித் தப்புவது பழக்கமாகிவிட்டது. எந்தக் கடையை மூடு என்று நாங்கள் பெயர் சொல்லவில்லையே என்பது அடுத்த சமாதானம். வாளைக் கையில் கொடுத்து நேரமும் குறித்துவிட்டு, கழுத்தைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை என்பவருக்கு எந்த நீதிமன்றம் விடுதலை கொடுக்கும்?

நடுவர் விசாரணைகளுக்கு வைத்த கெடு 2010 ஜூலையின் நடுவிலேயே முடிந்துவிட்டது. தோற்றவர்களுக்கு அதன்பின் போக இடம் இல்லாமல் போனது. ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. இழப்பீடோ, மறு உரிமமோ, குறைந்தபட்சம் முடிவெடுத்தவர்களைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதோ, அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸில் 61 சதவீதம் அப்போது அரசின் கையில் இருந்தது. மனமிருந்தால் ஒரு வார்த்தை போதுமாயிருந்திருக்கும். அந்தப் பங்குகளைச் சந்தையில் விற்கும் ஏற்பாடு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. முதலீட்டாளர்களுக்கு அச்சாகவிருந்த தடித்த விவரப் புத்தகத்தில் இந்த இரண்டாயிரம் பேருக்கு எத்தனை வரி ஒதுக்கியிருப்பார்கள்?