குடோன் ஆபீஸ் வேலையா? கையில வர்ற சம்பளத்தை மட்டும் பார்க்காதீங்க!

கப்பலூர் பக்கம் ஒரு குடோன்ல பில்லிங், ஸ்டாக் என்ட்ரி, ஈ-வே பில் போடுற வேலை. ரெண்டு ஆஃபர் வருதுன்னு வைங்க.

ஒண்ணு: பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, கையில் 13,500 ரூபாய்.

இன்னொண்ணு: மொத்தம் 14,000, அதில் பேசிக் 10,000. பி.எஃப். 12% (1,200), இ.எஸ்.ஐ. 0.75% (105) போக, கையில் 12,695.

நிறைய பேர் முதல் ஆஃபரைத்தான் எடுக்கிறாங்க. என்னைக் கேட்டா அது தப்புக் கணக்கு. முதல் வேலையில மாசம் 805 ரூபாய் பெரிய தொகைதான், மறுக்கலை. ஆனா உங்க 1,200 எங்கயும் போகலை. வட்டியோட உங்க கணக்குலதான் சேருது. முதலாளியும் 1,200 போடணும்: 833 பென்ஷனுக்கு, 367 பி.எஃப்.-க்கு. அந்த 105 ரூபாய்க்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில வைத்தியம் இருக்கு.

மாசாமாசம் பென்ஷன் வாங்க 10 வருஷ சர்வீஸ் வேணும். அதனால கம்பெனி மாறினா பணத்தை எடுக்காதீங்க, அதே யு.ஏ.என்.-ல மாத்திக்கோங்க.

கான்ட்ராக்டர் மூலமா சேர்ந்தவங்க கூடுதலா உஷாரா இருங்க. சம்பள சீட்டுல பிடித்தம் இருக்குங்கிறதாலயே பணம் கட்டியாச்சுன்னு அர்த்தம் இல்லை. இன்னைக்கே உமங் ஆப்ல பாஸ்புக்கைத் திறந்து, ஒவ்வொரு மாசமும் வரவு இருக்கான்னு பாருங்க. அது உங்க காசு!