தானாகப் போகும் பதிலுக்கும் நாமே பொறுப்பு



ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளுக்கு முந்திய மாலையில் மளிகைக் கடைக்காரருக்கு இரண்டு கை போதாது. ஒரு பக்கம் தராசு, மறுபக்கம் கல்லா, நடுவே செல்போன். அரிசி, பருப்பு, எண்ணெய், டீத்தூள் என்று படகுக்கு வேண்டிய சாமான் பட்டியல் முன்பு சீட்டில் வந்தது. இப்போது அதில் பாதி செல்போனில் செய்தியாக வருகிறது. எல்லாவற்றுக்கும் உடனே பதில் எழுத யாரால் முடியும்?

இதற்காகத்தான் தானியங்கிப் பதில் வந்துள்ளது. 2018 ஜனவரியில் அறிமுகமான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், கடை மூடியிருக்கும் நேரத்தைக் குறித்து வைத்தால் போதும். அந்நேரம் வரும் செய்திகளுக்கு, நாம் எழுதி வைத்த பதில் தானாகவே போய்விடும். இதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது.

இது பயனுள்ளதா? பயனுள்ளதுதான். ஆனால் நாம் எழுதி வைக்கும் வாசகத்தைப் பொறுத்தது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். "உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி" என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் இரவு 10 மணிக்கு மேல் ஒரு படகுக்காரர் பட்டியல் அனுப்பினார். பதில் போனது, நான் உறங்கிவிட்டேன். விடிகாலையில் அவர் கடை வாசலில் வந்து நின்றபோது ஒரு சாமானும் கட்டி வைக்கப்படவில்லை. "கிடைச்சதுன்னு சொன்னீங்களேண்ணே" என்று மட்டும் கேட்டார். அவசரத்துக்கு வேறு கடையில் வாங்கிக்கொண்டு போனார். கருவியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசகம் என்னுடையதல்லவா?

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 11-ஆவது பிரிவின்படி, நாம் ஏற்பாடு செய்து வைத்த கருவி தானாக அனுப்பும் செய்தியும் நாம் அனுப்பியதாகவே கொள்ளப்படும். எனவே விலை, இருப்பு, கடன் தவணை ஆகியவற்றைத் தானியங்கிப் பதிலில் ஒருபோதும் எழுத வேண்டாம். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்றிருக்கும் சரக்குக்கு நேற்றைய வாசகம் இன்று வம்பை விலைக்கு வாங்கித் தரும்.

நான் இப்போது வைத்திருக்கும் வாசகம் இது: "கடை மூடியுள்ளது. உங்கள் செய்தியை இன்னும் பார்க்கவில்லை. காலை 6 மணிக்குப் பார்ப்போம். அதற்குமுன் சாமான் தேவையென்றால் போன் செய்யவும்." இதில் மயக்கத்துக்கு இடமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கடை நேரத்தை மாற்றுவோர், இந்த வாசகத்தையும் மறவாமல் மாற்ற வேண்டும்.

மற்றொன்று: நமது போனில் இணைய இணைப்பு இருந்தால்தான் இந்தப் பதில் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் நம் மாவட்டத்தில் எத்தனை நாள் மின்சாரமின்றித் தவித்தோம் என்பதை மறக்க முடியுமா? ஆகவே சீட்டையும் நோட்டையும் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

அறந்தாங்கியிலும் புதுக்கோட்டையிலும் உள்ள மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சில்லறைக் கடைக்காரர் அனுப்பும் ஆர்டருக்கு நன்றி சொல்லும் பதில் மட்டும் போதாது. சரக்கு வருமா, வராதா என்பதை அன்றே ஒருவர் வாயால் சொல்லுங்கள். கருவி நேரத்தைச் சொல்லட்டும். வாக்கை நாமே கொடுப்போம்.