முக்கால் மணி நேரம் நடங்க... எப்போ?

"சுகர் பார்டர்ல இருக்கும்மா. தினமும் முக்கால் மணி நேரம் நடங்க."

போன மாசம் அம்மாவுக்குக் கிடைத்த அறிவுரை இவ்வளவுதான். தப்பே இல்லை. ஆனால் அம்மாவின் நாள் விடிகாலை நாலரைக்குத் தண்ணீர் பிடிப்பதில் ஆரம்பித்து, செங்கல்பட்டிலிருந்து ட்ரெயின் பிடித்து தாம்பரம் போய் வேலை பார்த்து, ராத்திரி பத்தரைக்குப் பாத்திரம் கழுவுவதில் முடிகிறது. இதில் முக்கால் மணி நேரத்தை எங்கே போய் வெட்டி எடுப்பது? மாமல்லபுரம் பீச்சில் காலையில் ஓடுகிறவர்களைப் பாருங்கள். எல்லாம் ரிசார்ட் ஆட்கள். அங்கே சங்கு, பாசிமணி விற்கும் அக்காக்கள் யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் 8 கிலோமீட்டர் நடந்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகுமே சாமி!

விஷயம் சின்னது இல்லை மக்களே. தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16ல் 30.9 சதவீதம். 2019-21ல் 40.4. நாலைந்து வருஷத்தில் இவ்வளவு ஏற்றம்!

அதனால் என் கட்சி இது: நம்ம ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது நீண்ட நடை அல்ல, விட்டு விட்டுச் செய்யும் வேகப் பயிற்சி. ஹெச்.ஐ.ஐ.டி என்பார்கள். மூச்சு வாங்குகிற அளவு கொஞ்ச நேரம், பிறகு நிதானம், மறுபடி வேகம். 1996ல் ஜப்பானின் இசுமி டபாட்டா சோதித்தது 20 விநாடி வேகம், 10 விநாடி ஓய்வு. அதெல்லாம் விளையாட்டு வீரர்களுக்கு, அம்மாவை அப்படி விரட்டினால் எனக்குச் சோறு கிடைக்காது :) ஒரு நிமிஷம் வேகம், இரண்டு நிமிஷம் நிதானம் என்றே ஆரம்பிக்கலாம்.

உள்ளே நடப்பது சுவாரசியம். தசை கடுமையாக வேலை செய்யும்போது சேமித்து வைத்த சர்க்கரை தீர்கிறது. உடனே ரத்தத்திலிருந்து இழுக்கிறது, அதுவும் இன்சுலினுக்குக் காத்திராமல். இன்சுலின் சரியாக எடுபடாத உடம்புக்கு இது எவ்வளவு பெரிய சலுகை!

ஒன்று நேர்மையாகச் சொல்லணும். இதில் கரையும் கொழுப்பு நடையில் கரைவதைவிடப் பெரிதாக அதிகமில்லை. மிச்சமாவது நேரம். (பி.காம் புத்தி அங்கேதான் போகும்.) எடை மெஷினை நம்பினால் மூணாவது வாரமே வெறுத்துவிடும். இடுப்பை அளங்க. நம் பெண்களுக்கு எல்லை 80 செ.மீ.

சென்னை மெட்ராஸ் டயபெடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இதையே பத்து நிமிஷ நடனமாக்கி 'தாண்டவ்' என்று பெயர் வைத்தது, வளரிளம் பெண்களுக்காக. பிரமாதம். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு எப்போது?

நிற்க. மாமல்லபுரம் போகும் வழியில் திருக்கழுக்குன்றம் மலைக்கோயில், 500க்கும் மேல் படிகள். பௌர்ணமிக்கு அம்மா அங்கே விறுவிறுவென்று ஏறி, உட்கார்ந்து, மறுபடி ஏறுவாள். யாரும் சொல்லித் தராத ஹெச்.ஐ.ஐ.டி! என்ன, மாசத்துக்கு ஒரு தடவை. அதையே வாரத்துக்கு மூணு நாள் மொட்டைமாடிப் படியில் செய் என்றேன்.

"பக்கத்து வீட்டுல என்னடி நினைப்பாங்க?"

எந்த ஆராய்ச்சியிலும் நான் பார்க்காத தடை இது. இருட்டினதும் ஏறலாம் என்று சமாதானம் ஆகியிருக்கிறது. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனால் நான்கு சுற்று. விசில் எண்ணுவது என் பொறுப்பு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பிபி, நெஞ்சு வலி, முட்டி வலி இருப்பவர்களும், சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். அம்மாவுக்குக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.