மடை காத்தவருக்கு ஏரியில் உரிமை எங்கே?

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றுள் பலவற்றில் மடை திறந்து, கரை காத்து, கடைமடைவரை நீர் பங்கிட்டவர்கள் நீர்க்கட்டிகள். அவர்களுள் பலர் நிலமற்ற தலித்துகள். ஆனால், பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்ய வகைசெய்யும் 2000ஆம் ஆண்டுச் சட்டம், நில உரிமையாளரையே சங்க உறுப்பினராக ஏற்கிறது. 2017இல் மீண்டும் தொடங்கப்பட்ட குடிமராமத்தும் ஆயக்கட்டுதாரர்களையே முன்னிறுத்தியது.

ஏரி பாசனத்திற்கு மட்டுமானதன்று. மீன், கோரை, மேய்ச்சல், நிலத்தடி நீர் ஆகியவற்றை நம்பி நிலமற்றோரும், அவர்களோடு பறவைகளும் வாழ்கின்றனர். பட்டாவை மட்டும் அளவுகோலாகக் கொண்ட நிர்வாகத்தின் கண்ணில் இவை படுவதில்லை. மனித வாழ்வும் பல்லுயிர் வளமும் ஒருசேர நலிகின்றன.

நீர்நிலைக் குழுக்களில் நிலமற்றோருக்கு வாக்குரிமை வேண்டும். நீர்க்கட்டிப் பணி சாதிக் கடமையாக அன்றி, ஊதியமுள்ள பொதுப்பணியாக வேண்டும் என நாம் வலியுறுத்துகிறோம்.